படப் புத்தகத்தில் உருகி ஓடும் பூமி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தொடக்கப் பள்ளிகளுக்குப் புவி அறிவியல் படப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், வண்ணத்தையும் விலையையும் கவனிக்கும் அளவுக்குப் படம் சொல்லும் செய்தியைக் கவனிப்பதில்லை. பூமியை வெட்டிக் காட்டும் படங்கள் பலவற்றில், மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தடிமனுள்ள கவசம் என்னும் அடுக்கு முழுவதும் கொதிக்கும் செங்குழம்பாகத் தீட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் அது பெரும்பாலும் திடப் பாறையே, திரவமாக இருப்பது அதற்குக் கீழுள்ள வெளிப்புறக் கருவம், அதாவது பூமியின் மையப் பகுதியின் வெளி அடுக்கு. பூமியின் நிழலே பிறைக்குக் காரணம் என்று எண்ண வைக்கும் படங்களும் உண்டு. அந்நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. பனி பொழியும் பருவத்தைக் காட்டிவிட்டு வடகிழக்குப் பருவமழையை விட்டுவிடும் நூல்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எழுத்துப் பிழையை வகுப்பாசிரியர் திருத்திவிடுவார். ஏழு வயதில் பதிந்த படத்தை அழிப்பது எளிதன்று. ஆகவே, வாங்கும் முன் நிலவியல் அறிந்த ஒருவரும் வகுப்பாசிரியர் ஒருவரும், எழுத்தை மறைத்துக்கொண்டு, படங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.