முதலில் ஆற்றுச் சாம்பலை அள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கம்தான் எங்கள் பகுதியில் டீக்கடை முதல் ரேஷன் கடை வரிசை வரை பேச்சு. 660 மெகாவாட் அலகு வரட்டும் என்பவர்கள் கேட்பது இதுதான்: "1970-லிருந்தே இங்கே மின் நிலையம் இருக்கிறது. தெரிந்துதானே குடி வந்தீர்கள்?"

ஆற்றங்கரைக் குப்பங்களில் இருப்பவர்கள் மின் நிலையத்துக்கு முன்பிருந்தே இங்கு மீன்பிடித்தவர்கள். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் இருப்பவர்களும் இடம் பார்த்து வந்தவர்கள் அல்லர். 2004 சுனாமியில் கடலோர வீடுகளை இழந்தவர்களை அரசுதான் இங்கே கொண்டுவந்து வைத்தது. 2011-இல் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். ஊர் இவ்வளவு நெருக்கமான பிறகு, அதைவிடப் பெரியதை மீண்டும் இங்கேயே கட்டுவது எந்த ஊர் நியாயம்?

வட சென்னை, வல்லூர் நிலையங்களைக் கூட்டினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை போடுகிறார்கள். மூச்சு விடுகிறவர்களுக்கு எல்லாப் புகையும் ஒன்றாகத்தானே வருகிறது?

சாம்பல் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் உடைந்தால் அந்தக் குழம்பு கொசஸ்தலை ஆற்றில்தான் இறங்கும். படகு போன இடத்தில் ஆழம் குறைந்துவிட்டது. இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்குச் சேற்றுக்குப் பதில் சாம்பல்தான் கையில் வருகிறது. இதை அகற்றச் சொல்லி 2022-இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. புகையில் போகும் கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய அரசு 2015-இல் வரம்பு வைத்தது. கெடுவைத் தள்ளிப்போட்டே வருடங்களை ஓட்டிவிட்டார்கள்.

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கட்டுமானம் முடிந்ததும் ஒப்பந்த வேலை எத்தனை பேருக்கு மிஞ்சும் என்பதை இங்குள்ள குடும்பங்களே சொல்லும். பாதியில் நிற்கும் கட்டுமானத்தில் போட்ட பணம் வீணாகுமே என்ற கவலை நியாயமானது. அது மக்கள் பணம். ஆனால் ஆறு போனதும், பிள்ளைகளின் மூச்சிரைப்புக்குச் செலவழிப்பதும் யார் கணக்கு?

மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆற்றுச் சாம்பலை முழுதாக அள்ளட்டும். எல்லா நிலையங்களின் மாசையும் சேர்த்து அளந்து, அந்த அறிக்கையைத் தமிழில் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் வைக்கட்டும். அதுவரை புதிய அலகில் ஒரு செங்கல்கூட வைக்க அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எர்ணாவூர், சென்னை