வாசகர் குழு: அடுத்த புத்தகம் சுற்றுக்கு வருகிறது

அனைவருக்கும் வணக்கம்.

இம்முறை அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ (1930). துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். செயின்ட் மேரி மீட் கிராமத்தில், பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் கர்னல் புரோதரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். கதை சொல்பவரும் அந்தப் பாதிரியாரே. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தபடியே போகிறவர் வருகிறவரை எல்லாம் கவனிக்கும் பாட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். படிப்பறைக் கடிகாரம் கால் மணி நேரம் முந்தி ஓடும். மனதில் வைத்துப் படியுங்கள்.

இருப்பது 2 பிரதிகள்தான்.

1. ஆளுக்கு 7 நாள். முடிக்காவிட்டாலும் சனி மாலைக்குள் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.
2. பக்கம் மடிக்க வேண்டாம். ஒரு பிரதியின் அட்டை கழன்று, நூல் போட்டுத் தைத்திருக்கிறேன்.
3. பிடிஎஃப் போடாதீர்கள். ஆசிரியர் மறைந்தது 1976இல்; நம் சட்டப்படி 2036 முடியும்வரை பதிப்புரிமை உண்டு.
4. கொலையாளி யாரென்று தயவுசெய்து குழுவில் எழுதாதீர்கள். புதிதாகப் படிப்பவர்களின் சந்தோஷமே அதில்தான்.
5. கலந்துரையாடல்: ஜூலை 12, ஞாயிறு மாலை 5 மணி, நம் குடியிருப்பு நூலக அறை.

புத்தகம் வேண்டியவர்கள் எந்த வாரம் வசதி என்று வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வரிசையை வெள்ளி காலை அனுப்புகிறேன்.