கம்யூனிட்டி காலேஜ் கால்குலஸ் இளப்பமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கப் பள்ளிகளிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. கால்குலஸ் (நுண்கணிதம்) பற்றி வந்த கட்டுரையில், ‘இடம் கிடைக்காத பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜில் எடுத்துச் சமாளிக்கலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. கலிஃபோர்னியாவில் அப்படியொரு இரண்டாண்டு அரசுக் கல்லூரியில் மாலையில் கால்குலஸ் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஏ.பி. கால்குலஸில் இரண்டு நிலைகள். கீழ்நிலை, கல்லூரியின் ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம், பி.சி. எனப்படும் மேல்நிலை, இரண்டு செமஸ்டருக்கு. கீழ்நிலைக்குப் பள்ளி ஒரு வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறது. நாங்கள் அதைச் சுமார் 16 வாரத்தில் முடிக்கிறோம். கோடை வகுப்பென்றால் ஆறு முதல் எட்டு வாரம்தான், மூச்சு முட்டும்.

கீழ்நிலையை முடித்துவிட்டு என் இரண்டாம் செமஸ்டர் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு வளைகோட்டைச் சுழற்றினால் வரும் உருவத்தின் கன அளவை வட்டத் தகடுகளாக நறுக்கிச் சட்டென்று போட்டுவிடுவார்கள். அதையே ஒன்றுக்குள் ஒன்றாக உருளைக் கூடுகளாகப் பிரிக்கச் சொன்னால் விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஏ.பி. பாடத்திட்டத்தில் அது கிடையாது. என் தேர்வில் கால்குலேட்டர் கூடாது என்றால் முகம் தொங்கிவிடும். (ஏ.பி. தேர்விலும் பெரும்பகுதிக்குக் கூடாதுதான்!)

சரி, ஏ.பி.யின் பலத்தையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஒரே அளவுகோல்; அதன் தேர்வில் வாங்கிய உச்ச மதிப்பெண்ணான 5 எந்த ஊரிலும் 5தான். எங்களிடம் வாங்கும் ‘ஏ’ கிரேடு, நடத்துகிற ஆசிரியரைப் பொறுத்தது. மறுப்பதற்கில்லை.

ஆனால் பெற்றோர்கள் கேட்க மறப்பது வேறு: சறுக்கினால் என்ன ஆகும்? மே மாத ஏ.பி. தேர்வில் 2 வந்தால் அதைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் காட்டாமலே விட்டுவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் ‘சி’ கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக ஏறிவிடும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பள்ளியில் படிக்கும்போதே எடுத்த கல்லூரி வகுப்புகளின் கிரேடுகளையும் கேட்பார்கள். ‘ரெஸ்யூமேக்கு நல்லது’ என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கோடையில் கொண்டுவந்து தள்ளுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

என்னைக் கேட்டால், பள்ளியில் பி.சி. இருந்தால் அதை அங்கேயே முடிக்கட்டும். அப்புறம் பல மாறி கால்குலஸுக்கும் லீனியர் அல்ஜீப்ராவுக்கும் எங்களிடம் வரட்டும். பெரும்பாலான பள்ளிகளில் அவை இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணம். பகுதிநேரமாக வரும் பள்ளி மாணவர்களுக்குப் பொதுவாக அதுவும் தள்ளுபடி. பி.சி. இல்லாத பள்ளியென்றால் தாராளமாக முதல் செமஸ்டரிலிருந்தே வரலாம், வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்காரும் நர்ஸ்களுக்குப் பக்கத்தில்.

சேர்வதற்கு முன் எந்த வகுப்பை எங்கே ஏற்பார்கள் என்று பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ‘அசிஸ்ட்’ (ASSIST) இணையதளத்தில் விவரம் இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு விதி வைத்திருக்கின்றன, எம்.ஐ.டி.யில் பி.சி.யில் 5 வாங்கினால்கூட முதல் கால்குலஸ் வகுப்புக்கு மட்டும்தான் விலக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா