தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை ஊர் என்ன செய்வது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கத்துக் கமக்காரன். போன ஆடியில் சோளகக் காற்று உரத்து வீசிய ஒரு மத்தியானம் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீடு எரிந்துபோனது. அடுப்படிக் கிடுகில் பிடித்த நெருப்பு. அந்த அம்மா குழறிய சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது முகட்டில் ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாளி ஒன்று, கயிறும் ஒன்று. இரண்டு வீடு தள்ளி நீர் இறைக்கும் மெசின் இருந்தது, அதற்கு மண்ணெண்ணெய் இல்லை, இறைப்புக் குழாய் யாரோ இரவல் வாங்கிப் போய் வேறு ஒரு தோட்டத்தில் கிடந்தது. எல்லாவற்றையும் தேடிப் பொருத்தித் தண்ணீர் அடிக்கத் தொடங்கியபோது சுவர் மட்டும்தான் நின்றது. அன்றைக்கு அங்கே ஐம்பது பேராவது நின்றிருப்போம், ஒருவரும் சும்மா நிற்கவில்லை, ஆனால் யார் எதைச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவின் காணிப் பேர்மிற், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள்ளேயே எரிந்தன. வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டோம், அந்தக் கடதாசிகளுக்காக அவ இன்னும் கந்தோர் கந்தோராக அலைகிறா.

தீயணைப்பு வண்டிக்கு அறிவித்தோமா என்று கேட்பீர்கள். கிளிநொச்சியில் இருந்து மாங்குளத்துக்கே 30 கிலோமீற்றர் அளவு வரும், அதற்குப் பிறகு உள்ளே திரும்பி மல்லாவியையும் தாண்டி வர வேண்டும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கிடுகு வீடு அவ்வளவு நேரம் தாங்காது. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்ததை எல்லாரும் அறிவோம், அன்றைக்கு நகரத்தின் நடுவே எரிந்த நெருப்புக்கே யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வண்டி வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் கிளிநொச்சிக்கு என்று ஒரு தீயணைப்புப் பிரிவு கிடைத்தது. நகரத்துக்கே அவ்வளவு காலம் எடுத்தது என்றால், காட்டோரத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிவப்பு வண்டி வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். என்னுடைய அக்காவின் மகன் ஜேர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறான், அவனோடு கதைத்தபோது அங்கே கிராமத்துத் தீயணைப்புப் படையில் சம்பளத்துக்கு ஒருவருமே இல்லை என்றான். வெதுப்பகக்காரர், தச்சர், பால் மாடு வளர்க்கிறவர் எல்லாரும்தான் படை, அழைப்பு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்களாம். அந்த நாட்டில் இப்படிப் பத்து இலட்சம் பேர் அளவில் தொண்டர்களாக இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் தீயணைப்பவர்களில் பாதிக்கு மேல் தொண்டர்களே. சிலியில் எல்லாருமே தொண்டர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் கதை. அங்கே பத்திரிகை நடத்திய பெஞ்சமின் பிராங்ளின் 1735 இல் தன்னுடைய பத்திரிகையிலேயே, ஒரு முதியவர் எழுதுவதுபோல, ஊரை நெருப்பில் இருந்து காப்பது பற்றி ஒரு கடிதம் எழுதினார். தணலைத் திறந்த சவளில் அள்ளிக்கொண்டு ஓர் அறையில் இருந்து மற்ற அறைக்குப் போகாதீர்கள் என்று அதில் எச்சரித்திருக்கிறார். சிரட்டையில் தணல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போன எங்கள் அம்மாமாரை நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம், 1736 இல், முப்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தன் செலவில் தோல் வாளிகளும் உறுதியான பைகளும் வைத்திருக்க வேண்டும், எங்கே நெருப்பென்றாலும் அவற்றோடு ஓடி வர வேண்டும். வாளி தண்ணீருக்கு, பை வீட்டுச் சாமான்களை அள்ளி வெளியே கொண்டுவர. பையைப் பற்றி வாசித்தபோது அந்த அம்மாவின் ட்ரங்குப் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது. எங்களில் ஒருவருக்காவது முதலில் அதை வெளியே இழுக்கத் தோன்றவில்லையே. மாதம் ஒரு முறை கூடிக் கதைப்பார்கள், வராதவருக்குக் குற்றப்பணம். அந்தப் பணத்தில் தீயணைப்பு இயந்திரம், ஏணி, கொளுக்கி வாங்கினார்கள். இன்னும் பலர் சேர வந்தபோது, நீங்கள் உங்களுக்கென்று ஒன்று தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்ப, ஊர் முழுக்கச் சங்கங்கள் பெருகின.

இதில் எங்களால் முடியாதது எது? கொளுக்கி என்றால் எங்களுக்குக் கொக்கத்தடி, எரிகிற கிடுகை இழுத்து விழுத்தப் போதும். மரண ஆதார சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டிப் பழகிய சனம் நாங்கள். செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும், எந்தச் சாமான் யார் வீட்டில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெருப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நெருப்பு எங்களுக்குப் புதிதும் இல்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கோடு ஓலைக் கொட்டிலில் இருந்தவர்கள் நாங்கள், பிறகு தறப்பாளுக்குள் இருந்தோம். மூலையில் ஒரு வாளி மண்ணும் தண்ணீரும் வைக்காமல் என் அம்மா படுக்கப் போனதில்லை. கல்வீடு வந்த பிறகு அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் அடுப்படியும் மாட்டுக் கொட்டிலும் இன்னும் பல வீடுகளில் கிடுகுதான், வைக்கல் போர் வளவுக்குள்தான். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் புல்லெல்லாம் காய்ந்து கிடக்க, காட்டோரம் யாரோ வைக்கிற நெருப்பு வேலி வரைக்கும் வருகிறது.

எங்கள் ஊரில் 12 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் பெண்கள். பகலில் ஆண்கள் வயலுக்குப் போய்விடுவதால் அவர்கள் இருப்பது கட்டாயம். ஒரு மெசினும் குழாயும் சனசமூக நிலையத்தில் எந்நேரமும் எண்ணெய் நிரப்பித் தயாராக நிற்கும், யாருக்கும் இரவல் இல்லை. மருந்தடிக்கிற மெசின் நான்கு, முதுகில் மாட்டுவது, 16 லீற்றர் பிடிக்கும், புல் நெருப்புக்கு அதைவிட நல்லது இல்லை. நன்றாகக் கழுவித் தண்ணீருக்கு என்றே ஒதுக்கிவிட்டோம். கோயில் மணியை விடாமல் அடித்தால் நெருப்பு என்று அர்த்தம். ஒருவர் மெயின் சுவிட்சை நிறுத்துவார், ஒருவர் காஸ் சிலிண்டரைப் பார்ப்பார், ஒருவர் பத்திரங்களை வெளியே கொண்டுவருவார்.

எங்களிடம் இல்லாதது பயிற்சி. எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எங்களில் பாதிப் பேருக்கு இப்போதுதான் தெரியும். புகைக்குள் எப்போது போகக்கூடாது என்பதைத் தெரிந்தவர் வந்து காட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் உதவப் போகிற பிள்ளையைத்தான் இழப்போம். ஆகவே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிற தீயணைப்புப் பிரிவினரிடம் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன், வருடத்தில் ஒரு நாள், சோளகம் தொடங்க முதல், ஊர்களுக்கு வந்து பழக்கித் தாருங்கள். பிரதேச சபைகளிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம், அந்த மாதங்களில் பின்னேரம் வேலை முடிந்து நிறுத்துகிற பவுசரைத் தண்ணீர் நிரப்பி நிறுத்துங்கள், இரவில் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதைக் கிராம அலுவலரிடம் சொல்லி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் 12 பேரும் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். பயிற்சி தரக்கூடிய யாரும், ஓய்வு பெற்ற ஒருவர் என்றாலும் சரி, வந்தால் மாங்குளம் சந்திக்கு மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
துணுக்காயில் இருந்து ஒரு கமக்காரன்