இரவிலும் கவனிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு,

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் தாயாரை, நாங்கள் வெளியூர் செல்ல வேண்டியிருந்ததால், வேலூரில் உள்ள ஒரு தனியார் குறுகிய காலப் பராமரிப்பு மையத்தில் சேர்த்தோம். பகலில் பிசியோதெரபி நன்றாகவே நடந்தது. இரவில்தான் கொடுமை. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியப் பணியின் அரிச்சுவடி. அதைச் செய்ய அங்கே ஆளில்லை. முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப் புண்ணோடுதான் அம்மா வீடு திரும்பினார். சர்க்கரை நோய் வேறு. புண் எளிதில் ஆறாது.

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் மறுவாழ்வு சிகிச்சைக்கென்றே தனி நிலையம் உருவாகக் காரணமாக இருந்த ஊர் இது. இங்கேயா இந்த நிலை?

இரவுப் பணியில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்பதை இத்தகைய மையங்கள் வாசலில் எழுதி வைக்க வேண்டும். நோயாளியைத் திருப்பிய நேரத்தைக் குறித்த பதிவேட்டை உறவினர் கேட்டால் காட்ட வேண்டும். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் முன்னறிவிப்பின்றி, குறிப்பாக நள்ளிரவில், ஆய்வுக்கு வர வேண்டும்.

– ஒரு வாசகர், காட்பாடி