நோயாளியின் தமிழில் கேட்கப் பழக்கி அனுப்புங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் உளவியல் துறைத் தலைவர்களுக்கு,

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, வணக்கம்.

முதுநிலை உளவியல் இரண்டாமாண்டு மாணவியான நான், மருத்துவமனைக் களப்பயிற்சியை அண்மையில் முடித்தேன். அடுத்த அணியை அனுப்புமுன் தமிழில் நேர்காணல் செய்யப் பழக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில், ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மாவிடம் நோய் வரலாறு கேட்டு எழுதும்படி என்னைப் பணித்தார்கள். படிவத்தில் 'மூட்' என்றிருந்த இடத்தை நிரப்ப, "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் ஒண்ணும் பைத்தியம் இல்லம்மா" என்றார். பிறகு கேட்டவற்றுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லே பதிலாக வந்தது. 'மனநிலை சரியில்லாதவர்' என்று ஊரார் சொல்வதைத்தான் என் கேள்வியில் அவர் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உடனிருந்த மூத்த உளவியலாளர், "ராத்திரி தூக்கம் வருதாம்மா? முன்ன மாதிரி வாசல்ல கோலம் போட மனசு வருதா?" என்று கேட்டதும், கோலப்பொடியைத் தொட்டே மாதக்கணக்காகிறது என்று சொல்லி அவர் அழத் தொடங்கினார். ஆர்வமிழப்பு என்று நாங்கள் தேர்வுக்கு எழுதியது அதுதான்.

நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், உடம்பெரிச்சல் என உடம்பின் வழியாகவே பலர் துயரத்தைச் சொல்கிறார்கள். செய்வினை என்று குடும்பமே நம்பிச் சொல்வதை உடனே மருட்சி, அதாவது நோயால் வரும் பொய்யான உறுதி நம்பிக்கை, எனக் குறித்துவிடக் கூடாது என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், எதிரில் ஒருவர் அமர்ந்து சொல்லும்போது பிரித்தறியத் தடுமாறினோம்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பது இன்னும் கடினம். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது என்று அறிந்திருந்தும் எனக்கு வாய் வரவில்லை. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்பதை வகுப்பிலேயே வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகியிருந்தால் அந்தத் தயக்கம் குறைந்திருக்கும். ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே யாரிடம் தெரிவிப்பது, வீடு திரும்பும்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பவையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு தன்னைப் பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. எனவே எங்கள் பதிவேட்டில் பெயரும் ஊரும் இடம்பெறலாகாது. ஆனால் ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எந்த இடத்தில் இரகசியம் முடிகிறது என்பதைத் தொடக்கத்திலேயே நோயாளிக்கு எளிய தமிழில் சொல்ல எங்களைப் பழக்குங்கள்.

ஆகவே, களப்பயிற்சிக்கு முந்தைய நான்கு வாரங்களில், மருத்துவமனையில் பணிபுரியும் உளவியலாளர்களை அழைத்து, மாணவர்கள் ஒருவரையொருவர் தமிழில் நேர்காணும் பயிற்சியை நடத்தித் தாருங்கள். களத்திலும் வாரம் ஒரு மணி நேரமாவது எங்கள் குறிப்புகளைப் படித்துத் திருத்த ஒரு மேற்பார்வையாளரை நியமியுங்கள்.

நோயாளிகள் தம் துயரத்தைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களை, அவர்களை அடையாளம் காட்டும் எதுவுமின்றி, ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வைத்திருக்கிறேன். இப்பயிற்சிக்கு உதவுமெனில் அதைத் துறையிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முதுநிலை உளவியல் மாணவி ஒருத்தி