பினாங்கு உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் பெருமக்களே,

வணக்கம். ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்னும் மலேசியப் பள்ளித் தேர்வுகளை எழுதும் மாணவர்களுக்கு மாலை வகுப்புகளில் தமிழிலும் விளக்கமளித்துவரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். டி.என்.ஏ.யின் செய்தியை, புரதங்களைக் கட்டும் ரைபோசோமிடம் சேர்ப்பதோடு ஆர்.என்.ஏ.யின் பணி முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்துடனேயே நம் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். உயிரணுவுக்குள் எழும் சமிக்ஞையை உணர்ந்து, அதற்கேற்ப மரபணுவை இயக்கவும் அடக்கவும் வல்லது அம்மூலக்கூறு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இயற்கையே இதற்குச் சான்று தருகிறது. பாக்டீரியாவின் சில தூது ஆர்.என்.ஏ.க்கள், புரதத்தின் துணையின்றி, வைட்டமின் போன்ற சிறு மூலக்கூறுகளைத் தாமே பற்றி, வடிவம் மாறி, தம் மரபணுவின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது 2002-இல் நிறுவப்பட்டது. இவை ரைபோஸ்விட்ச்கள். குறிப்பிட்ட இலக்கைப் பற்றும் ஆர்.என்.ஏ.க்களை எண்ணற்ற தொடர்களிலிருந்து ஆய்வகத்தில் தேர்ந்தெடுக்கும் முறையோ 1990-இலேயே வந்துவிட்டது. அவ்வாறு கிடைப்பவை ஏப்டமர்கள்.

மாணவர்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டியது, அமெரிக்க உயிர்ப்பொறியியல் ஆய்வாளர் கிறிஸ்டினா ஸ்மோல்க்கின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு. பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் உட்கருவில் மிகுவது பெருங்குடல் புற்றுநோய்கள் பலவற்றில் காணப்படும் கோளாறு. அப்புரதத்தைப் பற்றும் ஏப்டமரை, செயற்கையாக அமைத்த ஒரு மரபணுவின் இன்ட்ரானில், அதாவது ஆர்.என்.ஏ.யிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதியில், பொருத்தி, அதை மனித உயிரணுக்களுக்குள் செலுத்தினார்கள். புரதம் வந்து ஒட்டியதும் ஆர்.என்.ஏ. வெட்டி இணைக்கப்படும் விதம் மாறுகிறது. புரத உருவாக்கத்தைப் பாதியில் முடிக்கும் நிறுத்தக் குறியீட்டைத் தாங்கிய எக்ஸான் (வழக்கமாக இணைத்து வைத்துக்கொள்ளப்படும் பகுதி) விலக்கப்படுவதால் ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதி முழுமையாக உருவாகிறது. அந்நொதி கான்சிக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை நச்சாக்க, சமிக்ஞை மிகுந்த உயிரணு மடிகிறது. நோயோடு தொடர்புடைய சமிக்ஞையையே அவ்வுயிரணுவுக்கு எதிராகத் திருப்பிவிடும் இச்சிந்தனையின் அழகில் எனக்கு இன்றும் வியப்பு தணியவில்லை.

இது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் நிகழ்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடலுக்குள் உரிய உயிரணுவில் மட்டும் இச்செயற்கை மரபணுவைக் கொண்டு சேர்ப்பதும், சமிக்ஞை இல்லாத வேளையில் நொதி சிறிதும் உருவாகாமல் தடுப்பதும் கடினமான பணிகள். நாளை இத்துறைக்கு வரும் மாணவருக்கு வேலை காத்திருக்கும் இடங்களும் இவையே.

புரதத் தொகுப்புப் பாடம் முடிந்ததும் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்குங்கள். தேர்வில் வராத பாடம் எதற்கு என்று பெற்றோர் கேட்கக்கூடும். மேற்கண்ட ஆய்வையே அவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். வரைபடங்களும் தமிழ் விளக்கக் குறிப்பும் வேண்டுவோருக்கு நானே தயாரித்துத் தருகிறேன்.

பணிவன்புடன்,
பினாங்கிலிருந்து ஓர் ஆய்வு மாணவி